முருகனை ஏசிவிட்டுப் போன வியாழக்கிழமை

ஒரு மனிதரின் கையெழுத்துக்காக நான் ஆறு மாதம் காத்திருந்தேன். அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் இந்த நாட்டில் நான் பல் வைத்தியர் இல்லை. கடைசி வாரம் வந்தபோது, கையெழுத்து வைக்க மாட்டேன் என்று அவர் என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அது 1976ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். சிட்னிக்கு வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. எனக்கு முப்பத்தொரு வயது.

அடியார்களே, இதை எழுதித் தரும்படி வெள்ளிக்கிழமைக் கூட்டுப் பிரார்த்தனைக்கு வருகிறவர்கள் இரண்டு வருடமாக என்னைக் கரைச்சல் படுத்துகிறார்கள். நான் பின்னடித்ததற்குக் காரணம் உண்டு. மற்றவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொல்லும்போது உருகுகிறார்கள், கண்ணீர் விடுகிறார்கள், கைகூப்பியபடி சொல்கிறார்கள். நான் முருகனை ஏசினேன். வாயில் வந்தபடி ஏசினேன். அதை மறைத்து எழுதினால் இது பொய்யாகிவிடும். ஆகவே உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். பிடிக்காதவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போகலாம்.

நான் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. இலங்கையில் பல் வைத்தியம் படித்துப் பட்டம் பெற்று, அரசாங்க ஆஸ்பத்திரியில் ஐந்து வருடம் வேலை செய்தேன். பெண் என்பதால் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பல்லைப் பார்க்கும் வேலையைத்தான் என் தலையில் கட்டினார்கள். பிறகு அதுவே எனக்குப் பிடித்துப்போனது. பயந்து நடுங்கி வரும் பிள்ளை, தானாக வாயைத் திறக்கிற அந்த நேரம் இருக்கிறதே, அதற்கு ஈடாக நான் வேறொன்றையும் கேட்க மாட்டேன். 1973இல் என் கணவர் சிவநேசனுக்கு செவன் ஹில்ஸில் ஒரு தொழிற்சாலையில் இஞ்சினியர் வேலை கிடைத்தது. வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இரண்டு அறை வீடொன்றை வாடகைக்கு எடுத்தோம். என் பட்டம் இங்கே செல்லாது என்பது வந்த பிறகுதான் தெரிந்தது.

திரும்பவும் பரீட்சை எழுத வேண்டும் என்றார்கள். பகலில் ஒரு பல் வைத்தியரிடம் கருவி கழுவும் உதவியாளாக வேலை செய்தேன். காலையிலும் ரயிலிலும் படித்தேன். முதல் முறை தவறி, இரண்டாம் முறை சித்தியடைந்தேன். அப்போது எங்களுக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒரு பெரிய மனிதர், "தங்கச்சி, பல்லுப் பிடுங்கிறதுக்கு ஏன் இவ்வளவு பாடு? தபால் கந்தோரில ஆள் எடுக்கிறாங்கள்" என்று எல்லோருக்கும் முன்னால் கேட்டார். நான் சிரித்து வைத்தேன். அவர் இப்போது உயிரோடு இல்லை. அந்தக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் ஒன்று இன்னும் இருக்கிறது.

பரீட்சையோடு முடியவில்லை. ஒரு பிள்ளைகள் பல் வைத்தியப் பிரிவில் ஆறு மாதம் மேற்பார்வையின் கீழ் வேலை செய்ய வேண்டும். முடிவில் அந்தப் பிரிவின் தலைவர் 'இவர் தகுதியானவர்' என்று எழுதிக் கையெழுத்து வைத்தால்தான் பதிவு கிடைக்கும். எனக்கு வாய்த்த தலைவரின் பெயர் இங்கே வேண்டாம். பெரியவர் என்றே சொல்கிறேன். அது மரியாதையினால் அல்ல, வசதிக்காக.

முதல் நாள் அவர் என்னைப் பார்த்துக் கேட்டது, "புதிதாக வந்த தாதியா?" என்பதுதான். இல்லை என்றதும் கடிதத்தை வாசித்தார். பிறகு ஒரு விரிவுரை. அவர் ஆங்கிலத்தில் நீட்டி முழக்கியதை எங்கள் தமிழில் சுருக்கிச் சொன்னால் இவ்வளவுதான்: பெண்கள் பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்ப்பதில் அவருக்கு ஆட்சேபம் இல்லையாம். ஆனால் இரண்டு வருடத்தில் சொந்தமாக ஒரு பிள்ளையைப் பெற்றுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்களாம். பழக்கியவருக்குத்தான் நேரம் வீணாம். எனக்குக் கலியாணமாகி ஏழு வருடம். பிள்ளை இல்லை. அதை அவருக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆறு மாதமும் அவர் என்னை ஒரு பல்லைக்கூடப் பிடுங்க விடவில்லை. அழுகிற பிள்ளையின் தலையைப் பிடிக்க விட்டார். அட்டைகளை எழுத விட்டார். பல்லைத் துப்புரவாக்க விட்டார். மூன்றாம் மாதம், துப்புரவாக்குவதற்காக ஒரு சிறுவனை என் கதிரையில் இருத்தியிருந்தேன். உள்ளே வந்த தகப்பன் என்னைப் பார்த்தார், பிள்ளையை அப்படியே தூக்கிக்கொண்டார், "உண்மையான டொக்டர் எங்கே?" என்று கேட்டார். பெரியவர் ஓடி வந்து மன்னிப்புக் கேட்டார். என்னிடம் அல்ல, அந்தத் தகப்பனிடம். அன்று ரயிலில் வீட்டுக்கு வரும்போது யன்னல் பக்கம் திரும்பி அழுதேன். கவலையால் வந்த கண்ணீர் அல்ல அது. எனக்குக் கோபம் வந்தாலும் கண்ணீர்தான் வரும்.

கந்தசஷ்டி அந்த வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொடங்கியது. என் ஆறு மாதம் முடிகிற வாரமும் அதுதான். கையெழுத்தை வேண்டி விரதம் பிடித்தேன். பகல் முழுவதும் தண்ணீர் மட்டும். பொழுதுபட்ட பிறகு ஒரு கோப்பை பால். சிட்னியில் அப்போது போவதற்கு முருகன் கோயில் ஏது? துணி அடுக்குகிற அலுமாரியின் மேல்தட்டைக் காலி செய்து படத்தை வைத்திருந்தேன். கற்பூரம் கொளுத்தினால் பக்கத்து வீட்டுக்காரி வந்து கதவைத் தட்டுவாள். அதனால் விளக்கு மட்டும்தான்.

திங்கட்கிழமை பெரியவர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். "ஆறு மாதத்தில் நீ தனியாக ஒரு பல் பிடுங்கி நான் பார்த்ததில்லை. பார்க்காததற்கு எப்படிக் கையெழுத்து வைப்பது?" என்றார். பிடுங்க விடாதவரும் அவர்தான், பார்க்கவில்லை என்பவரும் அவர்தான். வழமையாக நான் வாயை மூடிக்கொண்டு வந்திருப்பேன். அன்று வயிறு வெறுமையாக இருந்ததோ என்னவோ, வாய் திறந்துவிட்டது. "நீங்கள் ஒரு நாளும் விடவில்லையே, டொக்டர்" என்றேன்.

 அவர் ஒரு நிபந்தனை போட்டார். வியாழக்கிழமை காலையில் ஐந்து பிள்ளைகளுக்குப் பல் பிடுங்க இருந்தது. ஐந்தையும் நானே பிடுங்க வேண்டும். அவர் பக்கத்தில் நின்று பார்ப்பார். ஏதாவது பிழை வந்தால், அல்லது என்னால் ஒரு பிள்ளையாவது தாமதமானால், கடதாசி கையெழுத்தில்லாமல் திரும்பிப் போகும். "சம்மதமா?" என்றார். சம்மதம் என்றேன்.

வியாழக்கிழமை வேலை எப்படி என்பதைச் சொன்னால்தான் பின்னால் வருவது விளங்கும். பல் பழுதாகிச் சீழ் கட்டி, பயத்தில் கதிரையில் இருக்கவே மறுக்கும் பிள்ளைகளை அன்றைக்குத்தான் கொண்டுவருவார்கள். மயக்க மருந்து டொக்டர் ஒருவர் மூக்கில் மூடியை வைத்து வாயுவைக் கொடுப்பார். பிள்ளை நித்திரையாகும். சில நிமிடத்துக்குள் பல்லைப் பிடுங்கிவிட வேண்டும். அதற்கு ஒரு கட்டாயமான ஒழுங்கு உண்டு. முதல் நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளை ஒன்றும் சாப்பிட்டிருக்கக் கூடாது, பாலும் கூடாது. வயிற்றில் ஏதாவது இருந்தால், மயக்கத்தில் அது மேலே வந்து சுவாசப்பைக்குள் இறங்கிவிடும். பிள்ளை செத்தும் போகலாம்.

செவ்வாய்க்கிழமை தண்ணீர்க் குழாயடியில் எனக்குத் தலை சுற்றியது. பெரியவர் கண்டுவிட்டார். என்ன வருத்தம் என்று கேட்டார். விரதம் என்று சொன்னேன். "என் பிள்ளைகளுக்கு மேல் விழுந்துவிடாதே. பட்டினி கிடப்பது என்ன சமயமோ" என்று சொல்லிக்கொண்டு போனார். வீட்டுக்கு வந்தால் அங்கே கணவர்.

"இஞ்சரும், இந்த விரதத்தை விடும். வியாழக்கிழமை கை நடுங்கினால் என்ன செய்வீர்?"

"தொடங்கின விரதத்தை இடையில விடக்கூடாது."

"முருகன் வந்து உமக்காகப் பல்லுப் பிடுங்குவாரோ?"

"வராட்டி அவருக்குத்தான் வெட்கம்" என்றேன். 

வியாழக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு முழுகி, விளக்கேற்றி, அலுமாரிக்கு முன்னால் நின்றேன். விரதத்தின் ஐந்தாம் நாள். திருநீறு பூசினேன். பாட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். பாட்டு வரவில்லை. ஏச்சு வந்தது.

"நீ ஒரு மாம்பழம் கிடைக்கேல்ல எண்டதுக்குத் தாய் தேப்பனை விட்டிட்டு மலையில ஏறி நிண்டனி. ஒரு பழத்துக்கு உனக்கு அவ்வளவு கோபம் வரலாம், ஆறு மாதமாய் அந்தாளிட்டக் கேவலப்படுற எனக்குக் கோபம் வரக்கூடாதோ? வள்ளிக்குப் பின்னால வேடம் போட்டுக்கொண்டு திரிய உனக்கு நேரம் இருந்தது. என்ர ஒரு கையெழுத்துக்கு நேரம் இல்லை. நான் ஏழு வருஷமாய்க் கேட்டதை நீ தரேல்ல. நான் வாயைத் திறந்து ஒண்டும் சொல்லேல்ல. இதையாவது தா. இண்டைக்கு அஞ்சு பிள்ளையளும் ஒரு தடையும் இல்லாமல் முடியவேணும். முடியாட்டி இந்தப் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைச்சிடுவன். நாளைக்குச் சூரனோட நீ தனிய நிண்டு சண்டை பிடி."

இதுதான் என் பிரார்த்தனை. ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. பின்னால் நின்ற கணவர் பயந்துபோய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் போடவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு ரயிலுக்கு நடந்தேன். மனதில் பக்தி என்று சொல்ல ஒரு துளியும் இருக்கவில்லை.

முதல் பிள்ளைக்கு இரண்டு பால் பற்கள். பிள்ளை நித்திரையானதும் பல் பிடுங்கும் இடுக்கியைக் கையில் எடுத்தேன். இரண்டும் வேரோடு சுத்தமாக வந்தன. "மெதுவாகச் செய்கிறாய்" என்றார் பெரியவர். இரண்டாம் பிள்ளைக்கு ஒரு கடைவாய்ப் பல். அதுவும் வந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. பிழை ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை என்று அதற்கு அர்த்தம். முருகா, இப்படியே கொண்டுபோ என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவதாக ஏழு வயதுப் பெண்பிள்ளை. ட்ரேசி என்று வைத்துக்கொள்வோம். கன்னம் வீங்கியிருந்தது. தாயும் கூடவே உள்ளே வந்தாள். மயக்க மருந்து டொக்டர் வழமைபோலத் தாயிடம் கேட்டார், பிள்ளை காலையில் ஏதாவது சாப்பிட்டதா என்று. இல்லை என்றாள் தாய். அவர் அட்டையில் கோடு போட்டார். அந்த மனிதரும் ஆறு மாதத்தில் எனக்கு ஒரு காலை வணக்கம் சொன்னவர் அல்ல. ஒவ்வொரு வியாழனும் வருவார், தன் வேலையைச் செய்வார், போவார்.

மயக்கம் கொடுக்க முன்னர் எந்தப் பல் என்று நான் ஒரு தடவை பார்க்க வேண்டும். ட்ரேசியை வாயைத் திறக்கச் சொல்லிக் குனிந்தேன். அந்தக் காலத்தில் நாங்கள் முகத்தில் துணி கட்டிக்கொள்வதில்லை. பிள்ளையின் மூச்சு நேரே என் முகத்தில் பட்டது. பட்டதும் என் வாயில் எச்சில் ஊறியது.

ஐந்து நாள் சாப்பிடாதவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். பசித்தவர்களின் மூக்கை ஏமாற்ற முடியாது. சீழ் கட்டிய வாயின் நாற்றம் எனக்குத் தெரியும், அதைத் தினமும் மணந்தவள் நான். அந்த நாற்றத்துக்குக் கீழே வேறொரு வாசம் இருந்தது. வாழைப்பழம். அதோடு பால்.

உங்களிடம் மறைக்க மாட்டேன். முதலில் நான் நிமிர்ந்து, வாயை மூடிக்கொண்டேன். பசியில் எனக்கு எல்லாமே சாப்பாடாய் மணக்கிறது என்று எனக்கே சமாதானம் சொன்னேன். தாய் இல்லை என்கிறாள். டொக்டர் கோடு போட்டுவிட்டார். மறுத்துக் கதைத்தால் தாமதம். தாமதமானால் கையெழுத்து இல்லை. மூன்று வருடப் படிப்பு, கழுவிய கருவிகள், தவறிய பரீட்சை, எல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் தொங்கியது. பெரியவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். மயக்க மருந்து டொக்டர் மூடியைக் கையில் எடுத்துவிட்டார். அப்போது மனதுக்குள் முருகனுக்குத் திரும்பவும் ஏச்சு விழுந்தது. ஒரு தடையும் வேண்டாம் என்றுதானே உன்னிடம் கேட்டேன் என்றேன்.

பிறகு அந்தப் பிள்ளையைப் பார்த்தேன். கதிரையின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தது. நான் கேட்பதற்காகக் காத்துக்கொண்டிருப்பது போலத் தெரிந்தது.

சாப்பிட்டாயா என்று நான் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் பிள்ளை தாயின் முகத்தைப் பார்த்து இல்லை என்றுதான் சொல்லும். விரத நாளில் களவாகச் சாப்பிட்ட பிள்ளையைப் பிடிக்க எங்கள் வீடுகளில் யாரும் அப்படிக் கேட்பதில்லை. தாய்க்கு முதுகைக் காட்டி முழந்தாளில் இருந்துகொண்டு, ட்ரேசியின் காதுக்குக் கிட்டே கேட்டேன்.

"வாழைப்பழத்தை முழுதாகச் சாப்பிட்டாயா, பாதியா?"

"பாதி" என்றது பிள்ளை. "பாலைத்தான் முழுதாகக் குடித்தேன்." பிறகு மெல்லமாக, "அம்மா சொல்லக் கூடாது என்று சொன்னா" என்றது.

 மயக்க மருந்து டொக்டர் மூடியைக் கீழே வைத்தார். தாயின் முகம் சிவந்துவிட்டது. அவள் எனக்கு நன்றி சொன்னாள் என்று நீங்கள் எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். பிள்ளை விடியற்காலையில் பசி பசி என்று அழுததாம். பாவமென்று கொஞ்சம் கொடுத்தாளாம். இன்றைக்குப் பிடுங்காவிட்டால் வேலையில் இன்னொரு நாள் லீவு கேட்க முடியாதாம். இவ்வளவையும் மற்ற இரண்டு பேருக்கும் சொன்னாள். என் பக்கம் திரும்பி, "என்னைப் பொய்க்காரி ஆக்க நீ யார்? உன் நாட்டுக்குப் போ" என்றாள். பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

பெரியவர் மணிக்கூட்டைக் காட்டினார். "பதினைந்து நிமிடம் தாமதம். பிள்ளையின் வாயில் நீ சொல்லைப் போட்டாய். நீ கண்டுபிடித்தது அதிர்ஷ்டம், வேறொன்றும் இல்லை" என்றார்.  இனி என்ன, எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். மிச்சம் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களுக்கும் பல்லைப் பிடுங்கினேன். கை நடுங்கவில்லை. கோபம் வந்தால் என் கை நடுங்காது. முருகன் எனக்குத் தந்தவற்றில் நான் குறை சொல்லாதது அது ஒன்றைத்தான்.

பட்டியல் முடிந்த பிறகு கூப்பிட்டார்கள். பெரியவரின் அறையில் மயக்க மருந்து டொக்டரும் நின்றார். நான் அங்கே நிற்பதாகவே காட்டிக்கொள்ளாமல் இரண்டு பேரும் கதைத்தார்கள்.

"அந்தப் பிள்ளைக்கு மூச்சடைத்திருந்தால், கோர்ட்டில் ஏறுவது நீ அல்ல. நான்" என்றார் மயக்க மருந்து டொக்டர். "பதிவுப் புத்தகத்தில் எழுதிவிட்டேன், யார் கண்டுபிடித்தது என்று. இனி வியாழக்கிழமைகளில் இந்தப் பெண் கதிரையடியில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் மயக்கம் கொடுக்க எனக்குப் பதிலாக வேறு ஆளைப் பார்."

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பாமலே போனார். என் மேல் உள்ள அன்பினால் அவர் அதைச் சொல்லவில்லை. தன் பெயருக்காகச் சொன்னார். அதனால் என்ன? முருகன் யாருடைய வாயில் வந்து பேசுவான் என்று நாங்கள் பட்டியல் போட்டுக் கொடுக்க முடியாது.

பெரியவர் மேசை லாச்சியைத் திறந்து என் கடதாசியை எடுத்தார். மை இறங்காததுபோலப் பேனாவை இரண்டு தரம் உதறினார். "நீ நிலைக்க மாட்டாய். இரண்டு வருடத்தில் பிள்ளை பெற்றுக்கொண்டு போய்விடுவாய்" என்றார் திரும்பவும். அன்றைக்கு எனக்கு வாய் வந்தது.

"பிள்ளை பிறந்தாலும் வேலைக்கு வருவேன், டொக்டர். பிறக்காவிட்டாலும் வருவேன்" என்றேன்.

அவர் தலையை நிமிர்த்தவில்லை. கையெழுத்து வைத்தார். குறிப்பு எழுதும் இடத்தில் ஒரு வரி எழுதினார். வெளியில் வந்து வாசித்தேன். 'தகுதியானவர். பேச்சு அதிகம்.' நான் அந்தக் கடதாசியைப் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். என் பட்டத்தைவிட அதைப் பார்க்கத்தான் எனக்கு ஆசை.

வெள்ளிக்கிழமை விரதத்தை முடித்து, சனிக்கிழமை காலையில் பாரணை பண்ணினேன். விரதத்தை விடச் சொன்ன மனிதர், விடிய எழும்பிச் சோறும் பருப்பும் தானே சமைத்திருந்தார். பருப்பு அடிப்பிடித்திருந்தது. அழுதுகொண்டே சாப்பிட்டேன். அந்தக் கண்ணீர் கோபத்தில் வந்தது அல்ல. அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. நான் கேட்டது தடையில்லாத ஒரு நாளை. அது கிடைத்திருந்தால் ஐந்து பிள்ளைகளும் ஒழுங்காக முடிந்தாலும், பெரியவர் மெதுவாகச் செய்கிறாய் என்று சொல்லிக் கடதாசியைத் திருப்பியிருப்பார். ஒழுங்காக முடியாமல், ட்ரேசி என்ற பிள்ளை என் கையிலேயே செத்தும் போயிருக்கலாம். நான் வேண்டாம் என்று கேட்ட அந்தத் தடையைக் கொண்டுவந்து வைத்துத்தான் அவன் எனக்கு வழி விட்டான். படத்துக்கு முன்னால் போய் நின்றேன். ஏசியதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை. அவன் அதைப் பெரிதாக எடுக்கவில்லை என்று எனக்குத் தெரிந்திருந்தது. நன்றி மட்டும் சொன்னேன்.

"பசித்தால் ஆருக்கும் மூக்குக் கூர்மையாகும். அதில முருகன் எங்கை வந்தவர்?" என்று கணவர் கேட்டார். "அஞ்சு நாளும் என்னைப் பசியில வைச்சிருந்தது ஆர்?" என்று கேட்டேன். "நீர்தான்" என்றார். அதற்கு மேல் அவரோடு கதைத்துப் பிரயோசனம் இல்லை என்று விட்டுவிட்டேன்.

இரண்டு கிழமை கழித்து ஒரு வியாழக்கிழமை, ட்ரேசியின் பெயர் திரும்பவும் பட்டியலில் இருந்தது. அதே தாய்தான் கூட்டிவந்தாள். கதவடியில் நின்ற பெரியவர், தானே பார்ப்பதாகச் சொன்னார். "வேண்டாம்" என்றாள் அவள். என்னை விரலால் சுட்டிக்காட்டி, "அந்த ஆள்தான் பார்க்க வேண்டும். அவளை ஏமாற்ற முடியாது" என்றாள். எனக்கு முகம் கொடுக்கவில்லை, சிரிக்கவும் இல்லை. உன் நாட்டுக்குப் போ என்று சொன்ன அதே வாய்தான். இந்த நாட்டில் என்னைத்தான் வேண்டும் என்று கேட்டு வந்த முதல் தாய் அவள்.

ட்ரேசி தானாகக் கதிரையில் ஏறி இருந்தது. நான் கேட்பதற்கு முன்னரே வாயை ஆவென்று திறந்து என் முகத்தில் ஊதியது.

"மணந்து பாருங்கள். ஒன்றுமே இல்லை" என்றது.

மணந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. பல்லைப் பிடுங்கினேன்.

அன்று தொடங்கி நான் பிள்ளைகளின் பல் வைத்தியராகவே இருந்தேன். ஓய்வு பெறும்வரை தாய் தகப்பனிடம் ஒரு தடவை கேட்டால் பிள்ளையிடம் இரண்டு தடவை கேட்டேன். சொந்தப் பிள்ளை எங்களுக்குப் பிறக்கவில்லை. அதைப்பற்றி முருகனோடு எனக்குள்ள வழக்கு இன்னும் முடியவில்லை, அது எங்கள் இரண்டு பேருக்கும் இடையில் உள்ளது. ஆனால் அவனிடம் போகாமல் ஒரு நாளும் இருந்ததில்லை. முன்பு கோபம் வந்தால் ரயில் யன்னலைப் பார்த்து அழுதேன். பிறகு அவனைப் பார்த்து அழுதேன். என் வாழ்க்கை மாறியது அங்கேதான்.

எல்லோரும் விரதம் பிடியுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. சலரோகம் என்கிற நீரிழிவு உள்ளவர்கள் பட்டினி கிடந்து விழுந்துவிட்டு என் பெயரைச் சொல்ல வேண்டாம். நான் சொல்ல வருவது வேறு. இதை வாசிக்கிறவர்களில் யாராவது கந்தோரில் கேவலப்பட்டுக்கொண்டு, பரீட்சை தவறிக்கொண்டு, பிள்ளைவரம் கேட்டுக் களைத்துப்போய் இருக்கலாம். சாமியறைக்குப் போனால் வாயில் தேவாரம் வராமல் வயிற்றெரிச்சல்தான் வரும் என்று பயந்து, போகாமல் இருக்கலாம். நல்ல சொல் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இருக்கிற வாயோடு போய் நில்லுங்கள். நான் அப்படித்தான் போனேன். அவன் வந்தான்.